ராசாத்தியின் மெட்டியைக் கழற்றுவதற்கு முன்

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. என் வலது கால் கட்டைவிரல் பக்கத்து விரல்மேல் சாய்ந்து வெகுநாளாயிற்று; அதன் அடியெலும்பு புடைத்துக்கொண்டு செருப்பைக் கிழிக்கிறது. பிரான்சில் படித்த மருத்துவர் ஒருவர் மாதத்தில் ஒருநாள் காரைக்காலுக்கு வருகிறார். "பெரிசா கிழிக்கமாட்டேம்பா. கடுகளவு துளை, உள்ள சின்ன அரம், அவ்வளவுதான்" என்றார். அந்த 'அவ்வளவுதா'னில் எழுந்து வந்துவிட்டேன். வந்து, எனக்குப் பதிலாக ராசாத்தி என்றொருத்தியை ஆபரேஷன் மேசையில் படுக்கவைத்தேன். கதை எழுதுகிறவனுக்கு இந்தச் சலுகைகூட இல்லையென்றால் எப்படி?

2

திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரையில் சூரியன் மெல்ல

(வேண்டாம். சூரியனுக்குக் கால் வலிக்காது.)

ராசாத்தி மீன்கூடையோடு தெருத்தெருவாக நடப்பவள். இந்த வருஷம், அதாவது 1986-இல், என்னுடையதைப் போலவே சாய்ந்த கட்டைவிரலோடு பாதித் தெருவிலேயே உட்கார்ந்துவிடுகிறாள். அவள் நடந்தால்தான் வீட்டில் உலை. காலைப் பார்த்த நர்ஸ் அமீர் நிஷா, "ஆபரேசனுக்கு முன்னாடி மெட்டிய கழட்டணும்க்கா" என்றாள்.

கதை இங்கே மாட்டிக்கொண்டது. ராசாத்தியின் புருஷன் கருப்பையன் லாஞ்சில் கடலுக்குப் போயிருக்கிறான். காற்று வேறு கிளம்பிவிட்டது. [காற்றை நான்தான் போட்டேன். இப்போது எடுக்க வரவில்லை.]

3

"எம்மவன் கடல்ல கெடக்கான். இவ மெட்டிய கழட்டுவாளாம்" என்றாள் மாமியார் காசியம்மா.

"தாலிக் கயித்துல கோத்துக்கிறேன் அத்தை."

"கால்ல கெடக்கிறத கழுத்துல போட்டா கடலுக்குத் தெரியுமாடி?"

"தெரியலன்னா கரையில நின்னு நீங்க சொல்லுங்க. அப்படியே நாளைக்குக் கூடையையும் தூக்குங்க."

(காசியம்மாவைக் கொடுமைக்காரியாக்கப் பார்த்தேன். மகனுக்காக நடுங்குகிறவளை அதற்குமேல் என்ன செய்வது?)

சோப்புத் தண்ணீர் ஊற்றியும் மெட்டி நகரவில்லை. மேலே கட்டைவிரல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

"வெட்டித்தான் எடுக்கணும்" என்றாள் அமீர் நிஷா.

"வெட்டினதுக்குப் பேரு மெட்டியா?" காசியம்மாவின் குரல் இறங்கிப்போயிருந்தது.

4

முடிவு ஒன்று: வெட்டுகிறார்கள். கரையிலிருந்து ஓர் ஆள் ஓடி

முடிவு இரண்டு: கருப்பையன் வஞ்சிர மீனோடு சிரித்துக்கொண்டே

இரண்டையும் அடித்துவிட்டேன். மெட்டி போனால் அடுத்த பத்தியில் புருஷன் போகவேண்டும் என்று நம்மைப் பழக்கிவைத்திருக்கிறார்கள். நீங்கள்கூட இப்போதே கடல் பக்கம் பார்க்கிறீர்கள். எனக்குக் காற்றைவிட அந்தப் பார்வைதான் பயமாக இருக்கிறது.

"வெட்டவாக்கா?"

ராசாத்தி கண்ணை மூடிக்கொண்டு காலை நீட்டினாள். "வெட்டும்மா."

கால் என் பொறுப்பு, நிமிர்த்திவிடுகிறேன். லாஞ்சை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.