பத்தாவது இடம்

சலவைக்கடை அக்காவுக்குக் கோபம் வந்தால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். செருப்புச் சத்தமே போதும். அன்று காலை அவள் சுற்றுலா அலுவலகத்தை நோக்கி இறங்கிய வேகத்தைப் பார்த்து, ரொட்டிக் கடைக்காரர் பாதி திறந்த ஷட்டரை அப்படியே விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்துவிட்டார். நல்ல சண்டையைத் தவறவிட அவருக்கு மனசு வராது.

அவள் கையில் ஒரு பாட்டில். உள்ளே தண்ணீர், அதன்மேல் விரற்கடை அளவு சோப்பு நுரை. கடையில் துணி அலசிய நுரையல்ல அது. விடிந்ததும் சமையலறைக் குழாயைத் திறந்தபோது வந்தது.

மலைச் சரிவில் இருக்கும் முப்பது வீடுகளுக்கும் குடிக்க ஒரே ஊற்றுதான். மேலே காட்டுக்குள் இருக்கிறது. குழாய் வழியாகத் தானாக இறங்கி வரும். இத்தனை வருஷத்தில் அதில் யாரும் கால் நனைத்ததில்லை. இப்போது மூன்று வாரமாக வண்டி வண்டியாக வந்து குளிக்கிறார்கள். எல்லாம் சுற்றுலா அலுவலகம் அச்சடித்த வண்ண நோட்டீஸ் செய்த வேலை: ‘மலையும் கடலும், தவறவிடக் கூடாத பத்து இடங்கள்’. கலங்கரை விளக்கம், கறுப்பு மணல் கடற்கரை, மேகம் தரையிறங்கும் கணவாய் என்று ஒன்பது சரியாகத்தான் இருந்தன. பத்தாவது, ‘யாரும் அறியாத பளிங்குச் சுனை. குளிக்க உகந்தது.’

எழுதியவன் யாரென்று நினைத்தால்தான் அவளுக்கு வயிறு எரியும். கூடப் பிறந்த தம்பி. ஊற்றுப் பக்கம் ஒருநாளும் ஏறாதவன். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும் ஆள். ஒன்பதோடு சரக்கு தீர்ந்துபோய், அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, “மேல அந்த ஊத்து எப்படிக்கா இருக்கும்?” என்று கேட்டான். அவளை யாரும் எதையும் அத்தனை ஆர்வமாகக் கேட்டதில்லை. பாசி படிந்த பாறை, அடியில் கிடக்கும் கூழாங்கல்கூடத் தெரிகிற தெளிவு, இரண்டு மலைக்கு நடுவே கீற்றாகத் தெரியும் கடல், எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிட்டு இன்னொரு துண்டு மீனும் வைத்தாள். அவள் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் அச்சேறியது. அந்த மீன் துண்டை நினைத்தால் இப்போதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது தம்பி கவுண்டருக்குப் பின்னால் நோட்டீஸ்களை அடுக்கிக்கொண்டிருந்தான். பாட்டிலை அவன் முன்னால் வைத்தாள்.

“குடி.”

“அக்கா, ஆபீஸ்ல வந்து...”

“உன் மாமா இதைக் குடிச்சிட்டு ரெண்டு நாளா கக்கூஸே கதின்னு கிடக்காரு. நீயும் ஒரு வாய் குடி.”

சத்தம் கேட்டு மேலாளர் எழுந்து வந்தார். எந்நேரமும் இஸ்திரி கலையாத மனிதர். “கோபப்படாதீங்கம்மா. பத்துல அதுக்குத்தான் கூட்டம் அதிகம். அடுத்த தடவை அச்சடிக்கும்போது முதல் படமே அதுதான். உங்களுக்குப் பெருமைதானே?”

“பெருமையைக் காய்ச்சிக் குடிக்க முடியுமா சார்?”

“வேணும்னா சோப்புப் போடக் கூடாதுன்னு ஒரு பலகை வச்சுடலாம்.”

“ஆக, சோப்பில்லாம குளிச்ச தண்ணிய நாங்க குடிக்கலாம்.”

வாசலில் நின்ற ரொட்டிக் கடைக்காரர் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

அந்த நேரம் பார்த்துத் தோளில் துண்டோடு ஒரு ஜோடி உள்ளே வந்து, பத்தாவது இடத்துக்கு வழி கேட்டது. மேலாளர் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

“அது எங்க குடிதண்ணிம்மா. நீங்க அங்க முதுகு தேய்ச்சா எங்க சோத்துப் பானையில வந்து விழும். இதோ, இன்னைக்கு வந்தது.”

அந்தப் பெண் பாட்டிலில் இருந்த நுரையைப் பார்த்தாள். துண்டைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். “இதுல அப்படிப் போடலையே,” என்று நோட்டீஸைக் காட்டினாள்.

“போடலதான். எழுதினவன் அதோ நிக்கிறான், அவனைக் கேளு.”

எல்லார் கண்ணும் தம்பி மேல். அவன் மேலாளரைப் பார்த்தான். அவர் வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தார். அக்காவைப் பார்த்தான், அவள் பாட்டிலை அவன் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். பேனாவை எடுத்தான். அந்தப் பெண்ணின் நோட்டீஸை வாங்கி, பத்தாவதை அடித்து, பக்கத்தில் ‘குடிநீர். போகாதீர்கள்’ என்று எழுதிக் கொடுத்தான்.

“வேலை போயிடும்பா,” என்றார் மேலாளர்.

“தெரியும் சார்,” என்று அடுத்த நோட்டீஸை எடுத்தான்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். மனசு ஒன்றும் இளகிவிடவில்லை. பின்னால் இன்னும் மூன்று பெட்டி நோட்டீஸ் பிரிக்காமல் கிடந்தது.

“எழுத்தைப் பெருசாப் போடு,” என்றாள். “கண்ணு தெரியாதவனும் திரும்பிப் போகணும்.”