முழுக்கைச் சட்டை

பண்ணையார் வயலுக்கு மருந்தடிக்க முழுக்கைச் சட்டையும் முகத்துணியும் வேண்டுமென்று கூலியாட்கள் சங்கத்தோடு நின்று போராடி வாங்கியவர் சாமிதுரை. நில உச்சவரம்புச் சட்டத்தில் அந்த வயலிலேயே ஒரு துண்டு அவருக்குப் பட்டாவானது. அன்றிலிருந்து வெற்றுடம்போடுதான் அடிக்கிறார். மருந்தில் நனைந்த வேட்டியை மனைவி அம்சவல்லி வெறுங்கையால் துவைத்துப் போடுவாள்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் புற்றுநோய் என்றார்கள். “பூச்சிமருந்தாலதான் வந்துச்சுன்னு சொல்ல முடியாதுங்க. ஆனா இனிமே அந்த மருந்து ரெண்டு பேர் மேலயும் படக் கூடாது” என்றார் டாக்டர்.

ஊர் திரும்பினால் பயிரில் குருத்துப்பூச்சி விழுந்து கிடந்தது. அலுத்துப்போன உடம்போடு சாமிதுரை சட்டையைக் கழற்றிவிட்டு ஸ்பிரேயரைத் தூக்கினார்.

அம்சவல்லி வரப்பில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள்.

“எந்திரி புள்ள, பயிரு போயிரும்.”

“போவட்டும். அன்னிக்குச் சட்டை கேட்டும் இதே வரப்புலதானே மறிச்சு உக்காந்தோம்?”

“அது பண்ணையாரு வயலு. இது நம்மளுது.”

“அதான் கேக்குறேன். அவரு சட்டை குடுக்க ஒரு மாசம் இழுத்தடிச்சாரு. உங்களுக்கு எத்தன நாளு ஆவும், பண்ணையாரே?”