சந்துக்குள் பதினேழு வீடு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல வரும்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். அன்னைக்கு விசாரணை அறையில மட்டும் அது வரவே இல்ல.

மேசை மேல நான் போட்ட வரைபடம். வெள்ளத்தன்னைக்கு மீட்புப் படகுக்காரங்க கையில கொடுத்தது இதைத்தான். ஆத்தை ஒட்டின ஒரு சந்துல பதினேழு வீடு இருக்கு. வரைபடத்துல அந்த இடம் வெறும் வெள்ளை. ஆளில்லாத இடம்னு படகு அப்படியே திரும்பிடுச்சு. பதினாறு வீட்டுக்காரங்க எப்படியோ மேல ஏறித் தப்பிச்சாங்க. கால் விளங்காத தையல்காரர் ஒருத்தரால முடியல, தண்ணி கொண்டுபோயிடுச்சு. அவரோட பொண்ணு வெளியூர்ல வேலை பார்க்கிறவ. இப்போ கைப்பையை மடியில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு சுவரோரமா உட்கார்ந்திருந்தா.

பழி விழுந்தது எங்க அளவையாளர் தலையில. ஊரை நடந்தே அளந்தவர்ங்கிறதால அவருக்குக் கிலோமீட்டர்னு பேரு வச்சிருந்தோம். "அந்தச் சந்தை நீங்க எட்டிக்கூடப் பார்க்கல. போன மாதிரி கணக்குக் காட்டிட்டீங்க"ன்னு விசாரணை அதிகாரி சொன்னார். அப்படின்னு முடிவானா வேலை போயிடும். ஓய்வு பெற இன்னும் நாலே வருஷம்.

"போனேன் சார்"னார் கிலோமீட்டர்.

அவர் போனது எனக்குத் தெரியும். அளக்கப் போன அன்னைக்கு அந்தச் சந்துல நின்னுக்கிட்டே எனக்குப் போன் பண்ணினார். "தங்கச்சி, இங்க எல்லா வீட்லயும் முன்னால பட்டறை, பின்னால சமையல். வீடுன்னு போடவா, கடைன்னு போடவா?" எனக்கு அன்னைக்குத் தலைக்கு மேல வேலை. "வகையைக் காலியா விடுங்கண்ணே, நான் பார்த்துக்கறேன்"னு சொன்னேன். பார்த்துக்கல.

எங்க தொழிலைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். அளந்த விவரத்தையெல்லாம் சேர்த்து வைக்கிற தரவுத்தளத்துல எல்லாமே வெறும் வரிதான். எந்த இடம், என்ன வகை, அவ்வளவுதான் இருக்கும். நிறமோ உருவமோ கிடையாது. எதை எப்படி வரையணும்னு தனியா ஒரு கோப்புல விதி எழுதுவோம். வீடுன்னா சிவப்புக் கட்டம், கடைன்னா நீலம். எந்தக் கணினியும் ஒரே மாதிரி படிக்கணுங்கிறதுக்காக அந்த விதிகளை எழுதறதுக்குப் பொதுவான ஒரு தரமுறை இருக்கு. எந்த விதியிலயும் சேராததுக்குக் கடைசியா 'மற்றவை'ன்னு ஒரு விதி வைக்கலாம். நானும் வச்சிருந்தேன், சாம்பல் நிறத்துல புள்ளி வர்ற மாதிரி. அது இல்லாட்டி, சேராதது எதுவும் வரையப்படாது. எச்சரிக்கைகூட வராது. கோப்பு தேமேன்னு ஓடும்.

வெள்ளத்துக்கு ரெண்டு மாசம் முன்னால மேலாளர் வந்து வரைபடத்தைப் பார்த்தார். "என்னம்மா இது, அம்மை போட்ட மூஞ்சி மாதிரி?"ன்னார். எனக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துடுச்சு. அஞ்சே நிமிஷத்துல அந்த விதியை அழிச்சேன். வரைபடம் பளிச்சுன்னு ஆயிடுச்சு. எல்லாரும் பாராட்டினாங்க, நானும் பூரிச்சுப்போனேன். சனியன் பிடிச்ச பாராட்டு!

கிலோமீட்டர் என் பக்கம் திரும்பவே இல்ல. அந்தப் போனைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பார். எனக்காகத்தான் வாயைத் திறக்கலைன்னு புரிஞ்சப்போ, நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

"சார், அவர் போயிருக்கார்"னேன்.

பக்கத்துல உட்கார்ந்திருந்த மேலாளர் மேசைக்கடியில என் காலை மிதிச்சார். அப்பதான் கோபம் வந்தது.

"மிதிக்காதீங்க சார், வலிக்குது! பதினேழு வீடும் தரவுத்தளத்துல இருக்கு. அண்ணன் எழுதினது அத்தனையும் சரி. வகையைக் காலியா விடச் சொன்னது நான். காலியா இருந்தது வரைபடத்துல வராமப் பண்ணதும் நான்தான்."

அதிகாரி நம்பல. "காட்டுங்க"ன்னார்.

மடிக்கணினியைத் திறந்து, அழிச்ச விதியைத் திரும்ப எழுதினேன். நாலே வரிதான். ரெண்டு தடவை தப்பாச்சு. சேமிச்சேன். வெள்ளையா இருந்த இடத்துல பதினேழு புள்ளி வந்து நின்னுச்சு. அதிகாரி கிலோமீட்டர் பேர் எழுதியிருந்த தாளை ஓரமா வச்சுட்டு, புதுசா ஒண்ணை எடுத்து என் பேரைக் கேட்டார். சொன்னேன். கிலோமீட்டர் முகத்தைக் கையால மூடிக்கிட்டார்.

தையல்காரர் பொண்ணு எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால நின்னா.

"எங்க வீடு எது?"

ஆத்துப் பக்கம் கடைசிப் புள்ளி. அதை அமுக்கினேன். அந்த வீட்டு விவரமெல்லாம் திரையில விரிஞ்சது. கதவு எண், ஆள் ஒருத்தர், வகை காலி. அதுக்குக் கீழ, குறிப்புன்னு இருந்த இடத்துல, கிலோமீட்டர் ஏதோ எழுதியிருந்தார். சத்தியமா நான் அதுவரைக்கும் அதைப் படிச்சதே இல்ல.

அவ குனிஞ்சு, எழுத்துக் கூட்டற மாதிரி மெதுவா வாசிச்சா.

"கால் நடக்காது. தனியா இருக்கார். தண்ணி வந்தா முதல்ல இவரைத் தூக்கணும்."

இன்னொரு தடவையும் வாசிச்சா.

"இது எப்போ எழுதினது?"

"எட்டு மாசத்துக்கு முன்னால"ன்னேன்.

"எட்டு மாசமா இது உள்ளயே இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா"ன்னேன்.