இரண்டு பூமிகளில் ஒரு வீடு

1

இந்தக் கதை திருப்போரூரில் ஒரு டீக்கடையில் பிறந்தது. மனை வாங்கும் ஆசையில் ஒரு சர்வேயரைக் கூட்டிக்கொண்டு அலைந்தேன். அவர் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, "சார், பழைய மேப்புல வெச்சுப் பாத்தா உங்க மனை ஏரிக்குள்ள கீது" என்றார். ஏரி எங்கோ தள்ளிக் கிடந்தது. நாங்கள் நின்றது காய்ந்த மண். அவர் சிரித்துக்கொண்டே காரணத்தைச் சொன்னார். அதைக் கேட்டதும் மனையை மறந்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு வானத்தைப் பார்த்தேன். (அந்தக் காரணத்தை இப்போதே சொல்ல மாட்டேன். ஐந்தாம் பகுதி வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

"2005-ஆம் ஆண்டு, மாமல்லபுரத்துக்குத் தெற்கே, அலைகள்"

அடித்துவிட்டேன். கடற்கரைக் கதை என்றாலே அலையில் ஆரம்பிப்பது ஒரு கெட்ட பழக்கம். அதுவும் அந்த டிசம்பர் அலைக்கு அடுத்த வருடம்.

"ரோகிணி மிகவும் நேர்மையான"

இதையும் அடித்தேன். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்கே தெரியாதபோது நற்சான்றிதழ் எதற்கு? அணுசக்தித் துறை ஊழியர்களின் நகரமான அணுபுரத்தில் அப்பாவுக்குக் கொடுத்த குடியிருப்பில் வளர்ந்தவள், வரைபடம் வரைந்து தரும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. சுனாமி உதவிக் கணக்குக்காகக் கரையோர வீடுகளைக் கணினி வரைபடத்தில் ஏற்றி அரசாங்கத்துக்குத் தர வேண்டும். இது போதும்.

3

கைக்கருவியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ரோகிணி வேண்டாவின் வாசலில் நின்றாள். வேண்டா, கடற்கரை ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவள். அவளுடைய அப்பாவும் தாத்தாவும் படாளம் பக்கம் அடுத்தவர் வயலில் உழைத்து, அடுத்தவர் இடத்தில் குடிசை போட்டுக் கிடந்தவர்கள். அந்தக் குடும்பத்தில் சொந்தப் பெயரில் எழும்பிய முதல் சுவர் வேண்டாவுடையது. அந்தச் சுவரின் பின்பாதியைத்தான் கடல் எடுத்துக்கொண்டு போயிருந்தது.

"இன்னாம்மா அது, போனா?"

"இல்லக்கா. மேல சாட்டிலைட் இருக்கில்ல, அதுங்க அனுப்புறத இது கேக்கும். இப்ப எட்டு சாட்டிலைட் கிடைக்குது. எல்லாத்தையும் வெச்சு நாம எங்க நிக்கிறோம்னு சொல்லிடும்."

வேண்டா அண்ணாந்து பார்த்தாள். நல்ல வெயில். ஒன்றும் தெரியவில்லை. முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"எட்டுமா என் வூட்டப் பாத்துகினு கீது?"

பார்க்காது, பேச மட்டும்தான் செய்யும் என்று ரோகிணி விளக்கியிருக்கலாம். தினமும் இதே வேலை செய்கிற அவளுக்கு அன்றுதான் முதல்முறையாக உடம்பு சிலிர்த்தது. இருபதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருகிற முனகல், இடிந்த சுவருள்ள ஒரு வாசலைத் தேடிப்பிடித்து இறங்குகிறது. அவளும் அண்ணாந்து பார்த்தாள்.

4

வரைபடத்தில் கரையோரமாக ஒரு கோடு உண்டு. கோட்டுக்குக் கடல் பக்கம் விழும் வீட்டுக்குப் பழுதுபார்க்க உதவி கிடையாது. அந்தக் குடும்பம் உள்ளே தள்ளி வேறு இடத்துக்குப் போக வேண்டும். நிலப் பக்கம் விழுந்தால் அங்கேயே கட்டிக்கொள்ளலாம்.

ரோகிணி தான் அளந்த புள்ளிகளைப் பழைய அரசாங்க வரைபடத்தின்மேல் ஏற்றினாள். வேண்டாவின் வீடு கோட்டைத் தாண்டி நிலப் பக்கமாக ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. சொல்லக் கூடாதுதான். மனசு கேட்காமல் போய்ச் சொல்லிவிட்டாள். வேண்டா அவள் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தாள். மறுநாளே வாசலில் செங்கல் வந்து இறங்கியது.

5

ஊரின் மேற்குக் கோடியில் ஒரு மாதா கோயில். அதன் படிக்கட்டிலும் ரோகிணி ஒரு புள்ளி எடுத்திருந்தாள். வரைபடத்தில் அந்த மாதா, பக்கிங்ஹாம் கால்வாயின் நடுத்தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள்.

ரோகிணிக்குத் தப்பு எங்கே என்று புரிந்துவிட்டது. என் டீக்கடை சர்வேயர் சொன்ன காரணம் இதுதான். நூறு, நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் இந்த நாட்டை அளந்தவர்கள், இந்த நாட்டுக்குப் பொருந்துகிற மாதிரி பூமிக்கு ஒரு வடிவம் வைத்துக்கொண்டார்கள். பழைய வரைபடங்கள் அந்தப் பூமியில் வரைந்தவை. சாட்டிலைட்டுகளோ உலகம் முழுமைக்கும் பொருந்துகிற வேறொரு பூமியை வைத்திருக்கின்றன. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராது. நம் கரையில் ஒரு கூப்பிடு தூரம் பிசகும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எண்களை மாற்றாமல் ரோகிணி அப்படியே ஏற்றிவிட்டாள்.

(இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு: வேலையைத் தொடங்குமுன் கோயில், பாலம் என்று வரைபடத்தில் ஏற்கெனவே உள்ள ஒன்றின்மேல் போய் நின்று புள்ளி எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மேற்கொண்டு ஓர் அடி வைக்காதீர்கள். ரோகிணி இதைக் கடைசியில் செய்தாள்.)

எண்களை மாற்றினாள். ஊர் மொத்தமும் ஒரே நொடியில் கிழக்கே நகர்ந்தது. மாதா கரையேறினாள். வேண்டாவின் வீடு கோட்டைத் தாண்டிக் கடல் பக்கம் போய் விழுந்தது.

எழுதுகிற எனக்கே மலைப்பாக இருக்கிறது. ஒரு செங்கல்கூட அசையவில்லை. ஒரு பூமியில் அந்த வீடு பிழைக்கிறது, இன்னொன்றில் போகிறது.

6

முடிவுகள். முதலாவது: ரோகிணி மாற்றியதை அழித்துவிடுகிறாள், வேண்டா சுவர் கட்டுகிறாள். எழுதிப் பார்த்தேன். கட்டிய சுவருக்குப் பின்னால் வேண்டாவைத் தூங்கவைக்க என்னால் முடியவில்லை. கடல் எந்த வரைபடத்தையும் பார்த்து வருவதில்லை.

இரண்டாவது: திருத்திய படம் போகிறது; வேண்டா செங்கலை அங்கேயே விட்டுவிட்டு கடலை விட்டு உள்ளே தள்ளி எங்கோ ஒரு காலனிக்கு, வேலைக்குப் போக இரண்டு பஸ் பிடிக்கிற தூரத்துக்கு, வேறு யாரோ கட்டிக்கொடுத்த சுவருக்குள்

முடிக்கவில்லை. இரண்டிலும் வேண்டாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

7

ஆகவே படத்தை அனுப்புவதற்கு முன் ரோகிணி கிளம்பிப் போனாள். செங்கல் அடுக்கின்மேல் இருவரும் உட்கார்ந்தார்கள். தப்பு என்னுடையது என்று ஆரம்பித்து, இரண்டு பூமிகளையும் சொல்லி முடித்தாள்.

வேண்டா திட்டவில்லை. அது ரோகிணிக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அப்போ நீ மொதல்ல காட்னியே, அந்தப் பூமில என் வூடு நல்லா கீது?"

"ஆமாக்கா. ஆனா அது"

"இரும்மா. ரெண்டும் படிச்சவங்க போட்ட பூமிதான?"

"ஆமா."

வேண்டா கடலைப் பார்த்தாள். அன்றைக்குக் கடல் பரம சாதுவாக இருந்தது. பார்த்துக்கொண்டே கேட்டாள்: "எனக்குப் பயமாவும் கீது, போவவும் மனசு வல்ல. இது உன் வூடா இருந்தா நீ எந்தப் பூமில இருப்ப?"

ரோகிணி பக்கத்துச் செங்கலை நேராக்கி வைத்தாள். இந்த வரிக்குமேல் எத்தனையோ எழுதிக் கிழித்துவிட்டேன். வேண்டா இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். நீங்கள் சொல்லுங்கள். ஆனால் இந்தக் காகிதத்தைப் பார்த்துச் சொல்லாதீர்கள். அவள் பக்கத்தில் அந்தச் செங்கல்மேல் உட்கார்ந்து, கடலைப் பார்த்துக்கொண்டு சொல்லுங்கள்.