நாற்காலி போய்ச் சேர்ந்தது

நாற்காலி சரியான நேரத்துக்கு வாயிலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அம்மாதான் போய்ச் சேரவில்லை.

ஒன்றரை வருடமாகப் பெரியவளுக்குப் பிடிபடாத விஷயம் இது. வெளிநாட்டில் இருக்கும் தங்கை சின்னவளைப் பார்க்க அம்மா தனியாகக் கிளம்பிய முதல் பயணம் அது. நேர் விமானம் கிடையாது. நடுவில் ஒரு பெரிய விமான நிலையத்தில் இறங்கி வேறு விமானம் ஏற வேண்டும். பகல் பன்னிரண்டுக்கு இறக்கம், நாலு பத்துக்கு ஏற்றம். நாலு மணி நேரம் தாராளம். சக்கர நாற்காலிக்கும் சொல்லியாகிவிட்டது. உதவி தேவைப்படுகிறவர்களை உட்கார வைக்கும் கூடத்திலிருந்து அம்மாவின் வாயிலுக்கு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனால் பத்தே நிமிடம். இத்தனை இருந்தும் அம்மா விமானத்தைத் தவறவிட்டாள். பதினோரு மணி நேரம் அதே கூடத்தில் உட்கார்ந்திருந்து அடுத்த விமானத்தில் போய்ச் சேர்ந்தாள்.

பெரியவள் விமான நிறுவனத்துக்குக் கோபமாகப் புகார் எழுதினாள். இரண்டு வரியில் பதில் வந்தது. உதவி வழங்கப்பட்டது, நாற்காலி மூன்று இருபத்தைந்துக்கு வாயிலில் ஒப்படைக்கப்பட்டது என்று நேரத்தோடு பதிவாகியிருக்கிறதாம். பயணி இல்லாமல் நாற்காலி மட்டும் எப்படிப் போகும்? அம்மாவிடம் கேட்டால், "விட்டுட்டாங்க, அவ்வளவுதான். அத எதுக்குக் கிளறிக்கிட்டு?" என்று எழுந்து போய்விடுவாள். திரும்பி வரும்போது சின்னவளின் கணவர் கூடவே வந்து விட்டுப் போனார்.

பழங்கதை என்று விட்டுவிடலாம். ஆனால் இப்போது சின்னவளுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம். அம்மா கூட இருக்க வேண்டும் என்று தொலைபேசியில் தினமும் கேட்கிறாள். அம்மாவோ பழைய பருத்தித் துணிகளை வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, குழந்தைக்கென்று ஒரு பை நிறைய அடுக்கிவைத்திருக்கிறாள். பையைத் தபாலில் அனுப்பச் சொல்கிறாளே தவிர, தான் வருவதாக வாயைத் திறப்பதில்லை. விசா தயார், உடம்பு கல்லுபோல இருக்கிறது, தினமும் காலையில் நாலு கிலோமீட்டர் நடை. பயணம் என்றால் மட்டும் முகம் சுருங்கிப்போகிறது.

இதில் பெரியவளுக்குத்தான் அவமானம் அதிகம். பயணம்தான் அவள் பிழைப்பு. பயண முகவர் அலுவலகம் ஒன்றில் பதினான்கு வருடம் டிக்கெட் போட்டவள். எந்த ஊர் விமான நிலையத்துக்கு எந்த மூன்றெழுத்துக் குறியீடு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். பட்டம் இல்லாததால் நேற்று வந்தவர்களெல்லாம் அவளுக்கு மேலதிகாரி ஆகிவிட, முப்பத்தாறு வயதில் பல்கலைக்கழகத்தில் சர்வதேசப் பயண மேலாண்மைப் படிப்பில் சேர்ந்தாள். இப்போது கடைசி வருடம். வகுப்பில் மற்றவர்கள் அவள் வயதில் பாதி. "அக்கா" என்று கூப்பிட்டு, குறிப்பேட்டைக் கேட்காமலே எடுத்துப் போகும் உரிமை அவர்களுக்கு இருந்தது.

கடைசி வருடத்துக்கு ஒரு திட்டப்பணி உண்டு. நிஜமான ஒரு பயணியை எடுத்துக்கொண்டு, அவர் வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் வாசல் வரைக்கும் பயணத்தை வகுத்துக் காட்ட வேண்டும். பெரியவள் வேறு யாரைத் தேடுவாள்? அம்மாவையே எடுத்தாள். இந்தத் தடவை நடுவில் ஐந்து மணி நேரம் விட்டு, சக்கர நாற்காலியும் போட்டு, முப்பது பக்கத்துக்குக் கொடுத்தாள். பேராசிரியை அதில் ஒரே ஓர் இடத்தில் சிவப்பு மையால் எழுதித் திருப்பினார்: பயணிக்குக் கால்களில் என்ன குறை?

அவளுக்குச் சுருக்கென்றது. சக்கர நாற்காலி கேட்க டிக்கெட் பதிவில் மூன்று குறியீடுகள் இருக்கின்றன. படி ஏறுவார், ஆனால் நெடுந்தூரம் நடக்க முடியாது என்பவருக்கு ஒன்று. படியே ஏற முடியாதவருக்கு ஒன்று. இருக்கைவரை தூக்கிக்கொண்டு போக வேண்டியவருக்கு ஒன்று. மூன்றும் கால் சம்பந்தப்பட்டவை. ஆனால் பதினான்கு வருடத்தில் அவள் முதல் குறியீட்டைப் போட்டுக்கொடுத்த அம்மா அப்பாக்களில் முக்கால்வாசிப் பேர் நன்றாக ஓடியாடித் திரிகிறவர்கள். அவர்களுக்கு வேற்று மொழி தெரியாது, அவ்வளவுதான். "அம்மாவுக்கு ஒரு வீல்சேர் போட்டுடுங்க மேடம், யாராவது கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்க" என்று பிள்ளைகள் கேட்பார்கள், இவளும் போட்டுவிடுவாள். ஊர் உலகமே செய்கிற காரியம். யாருக்கும் நாற்காலி தேவையில்லை, அதைத் தள்ளுகிற ஆள்தான் தேவை. ஆளைத் தனியாகக் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

பேராசிரியையிடம் போய் இதையெல்லாம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பழைய பயணம் எந்த இடத்தில் அறுந்தது என்று தெரியாமல் புதிதாக ஒன்றை வகுத்து என்ன பயன் என்றார். ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார்.

அந்த மாதத்தில்தான் படிப்பின் பகுதியாக உள்ளூர் விமான நிலையத்தில் பயிற்சி வந்தது. எந்தப் பிரிவு வேண்டும் என்று கேட்டார்கள். இளசுகள் எல்லாம் வரவேற்பு, விளம்பரம் என்று பறந்தபோது, அவள் பயணி உதவிப் பிரிவு என்று எழுதிக்கொடுத்தாள்.

அங்கே மேற்பார்வையாளருக்கு எல்லாரும் வைத்திருந்த பெயர் கேப்டன். வாழ்நாளில் ஒரு தடவைகூட விமானம் ஏறாதவர். ஆனால் நூற்றிருபது நாற்காலிகளும் எங்கெங்கே நிற்கின்றன என்று எந்த நேரத்திலும் விரல் நுனியில் வைத்திருந்தார். பெரியவளுக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. ஒரு பயணி இறங்கியதும் பணியாளர் நாற்காலியில் ஏற்றுகிறார். அடுத்த விமானத்தின் எண்ணும் நேரமும் எழுதிய சீட்டை நாற்காலியின் கைப்பிடியில் கட்டுகிறார். கூடத்தில் நாற்காலிகளை ஏறும் நேரப்படி வரிசையாக நிறுத்துகிறார்கள். முதலில் கிளம்புகிறவை கதவை ஒட்டி, கடைசியில் கிளம்புகிறவை சுவரை ஒட்டி. நேரம் நெருங்க நெருங்க வரிசை தானாகக் கதவை நோக்கி நகர்கிறது. யாரும் யாரையும் கூவி அழைக்க வேண்டியதில்லை. கடிகார முள் நகர்வதைப்போல அது நகர்வதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

மூன்றாம் நாள் பகல் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறியது. காலை ஆட்கள் பட்டியலைக் கொடுத்துவிட்டுப் போனார்கள், மதிய ஆட்கள் வாங்கிக்கொண்டார்கள். கதவோரம் இருந்த பெரிய உடம்புக்காரர் ஒருவர் கழிப்பறைக்கு எழுந்து போயிருந்தார். கைத்தடியோடு நின்றிருந்த ஒரு அம்மாள் காலியாகக் கிடந்த நாற்காலியில் அப்பாடா என்று உட்கார்ந்தார். மதிய ஆள் வந்தார், கைப்பிடிச் சீட்டைப் பார்த்தார், வணக்கம் சொல்லித் தள்ளிக்கொண்டு கிளம்பினார். அந்த அம்மாளும் நம்மைத்தான் கவனிக்கிறார்கள் என்று நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். நாலு வாயில் தாண்டியபிறகு கேப்டன் மூச்சிரைக்க ஓடிப்போய் மீட்டுக்கொண்டு வந்தார்.

எல்லாரும் சிரித்தார்கள். பெரியவள் சிரிக்கவில்லை. ஆள் மாறியது தள்ளிக்கொண்டு போனவருக்குத் தெரியவில்லையா என்று கேப்டனிடம் கேட்டாள்.

"மொகத்த யாரும்மா பாக்குறா? சீட்டு நாற்காலியிலதான கட்டியிருக்கு. ஏத்திவிட்ட ஆளுக்கு மொகம் தெரியும், அவன் ரெண்டு மணிக்கு வீட்டுக்குப் போயிட்டான். அடுத்து வர்றவனுக்கு நாற்காலிதான் தெரியும்."

அவள் அம்மாவின் பயணத்தைக் கணக்குப் போட்டாள். பன்னிரண்டுக்கு இறங்கி, நாலு பத்துக்கு ஏற வேண்டிய ஒருத்தி. நடுவில் பகல் இரண்டு மணி வருகிறது. அம்மா விமானம் மாறிய அந்த ஊரிலும் ஷிப்ட் மாறுவது இரண்டுக்குத்தானா என்று கேட்டாள். அங்கே தன் பழைய சகா ஒருவர் இருப்பதாகச் சொல்லிக் கேப்டன் செய்தி அனுப்பினார். கால் மணியில் பதில் வந்தது: ஆமாம், இரண்டு மணி.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அம்மா தையல் இயந்திரத்தின் முன்னால் இருந்தாள். பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்து, தைத்து முடித்த துணிகளை மடித்துக்கொடுத்தாள். இத்தனை நாளும் ஏன் தவறவிட்டாய் என்றே கேட்டுவந்தவள், இன்றைக்குக் கேள்வியை மாற்றினாள்.

"நாற்காலிய யாருக்கும்மா குடுத்த?"

இயந்திரம் நின்றது. அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். 

"உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானா பாத்தேன்."

"ஒரு பொண்ணுடி. நெறமாசம்னு சொல்ல முடியாது, ஒரு ஏழெட்டு மாசம் இருக்கும். காலெல்லாம் வீங்கி, சுவத்தப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறா. உக்கார ஒரு எடமில்ல. நான் கல்லாட்டம் காலை வச்சிக்கிட்டு, மகாராணியாட்டம் உக்காந்திருக்கேன். எல்லாரும் என்னைப் பாவமா பாக்குறாங்க. எனக்கு ஒடம்பெல்லாம் கூசுது. எந்திரிச்சி அவளை உக்கார வச்சேன். நான் அந்தப் பக்கம் கழிப்பறைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள அவளைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. சரி, கொண்டுபோய் விட்டுட்டு என்னைக் கூப்பிட வருவாங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன். வந்து சொல்றேன், இங்கயே இருன்னு முதல்ல கூட்டிவந்தவன் சைகை காட்டினானே."

அந்தப் பெண்ணும் அதே விமானம்தான் போலிருக்கிறது. கையில் சொந்த விமானச் சீட்டு இருந்ததால் ஏறிவிட்டாள். ஒரு நாற்காலி, ஒரு விமானம், ஒப்படைத்தாயிற்று. பதிவில் பொய்யே இல்லை.

இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றாள் பெரியவள். நீ இவ்வளவு ஏற்பாடு செய்தாய், நான் கெடுத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்லுவேன் என்றாள் அம்மா. பிறகு துணியைப் பார்த்துக்கொண்டே, "அதில்லடி. சின்னவளுக்காக எத்தனை மணி நேரம் வேணும்னாலும் உக்காந்திருப்பேன். நொண்டின்னு பொய் சொல்லி இன்னொருத்தி எடத்துல உக்காந்துகிட்டுப் போறதுதான் என்னால முடியல. அந்தப் பொண்ணு நிக்கிறப்ப நம்ம சின்னவ நிக்கிற மாதிரியே இருந்துச்சு" என்றாள்.

பெரியவள் குனிந்தாள். அம்மாவின் காலடியில் நழுவிக் கிடந்த துணியை எடுத்து மடித்தாள். பதினான்கு வருடம் தான் போட்டுக்கொடுத்த அத்தனை நாற்காலிகளும் கண்முன் வரிசையாக நின்றன.

"நடந்தே போறதுன்னா போவியா?"

"நடந்து போறதுக்கு எனக்கு என்ன கேடு?"

மறுநாள் அவள் கேப்டனோடு உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தாள். காலுக்கான மூன்று குறியீடுகள் போக, வரவேற்று வழிகாட்டும் உதவி என்று வேறொரு குறியீடு உண்டு. அதில் நாற்காலி கிடையாது. ஆள் மட்டும் வருவார், கூடவே நடப்பார். பயணிக்கு என்ன மொழி தெரியும் என்றும் எழுதலாம். பாடப்புத்தகத்தில் அது இருந்தது, அவளும் படித்துத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருந்தாள். அம்மாவுக்கு அதைப் போடலாம் என்று மட்டும் தோன்றவில்லை.

அடுத்தது நேரம். நேரம் கூடக்கூடப் பயணம் பத்திரம் என்றுதான் அவள் இதுவரை நாலு மணி, ஐந்து மணி என்று கூட்டிக்கொண்டே போனாள். கூட்டக்கூட நடுவில் ஷிப்ட் மாறும் வாய்ப்பும் கூடியது. வாரத்தில் இரண்டு நாள் வேறொரு விமானம் இருந்தது. பத்து நாற்பதுக்கு இறக்கம், ஒரு மணிக்கு ஏற்றம். இடையில் இரண்டு மணி இருபது நிமிடம். நெருக்கடி என்று அவள் எப்போதும் ஒதுக்கிவிடும் விமானம். அந்த ஊரின் காலை ஷிப்ட் ஆறு முதல் இரண்டு வரை. இறங்குவதும் ஏறுவதும் இரண்டுமே அதற்குள் அடங்கின.

அம்மா துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினாள். அன்று பத்து நாற்பதிலிருந்து ஒரு மணிவரை பெரியவளுக்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் சின்னவள் கூப்பிட்டாள். அம்மா பக்கத்திலேயே இருப்பதாகவும், வந்ததும் வராததுமாக வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தண்ணீர்ப் பானையை ஜன்னலோரம் ஏன் வைத்தாய் என்று திட்டுவதாகவும் சொன்னாள்.  அம்மா கைபேசியை வாங்கி, விமானம் மாறிய ஊரில் வழிகாட்ட வந்து தன்னோடு நடந்த பெண்ணுக்கு மூச்சு வாங்கியதாகவும், தான்தான் அவளுக்காக இரண்டு இடத்தில் நின்றதாகவும் சொன்னாள்.

மறுநாள் பெரியவள் திட்டப்பணியின் கடைசிப் பக்கத்தை எழுதினாள். முப்பது பக்கம் எட்டுப் பக்கமாகச் சுருங்கியிருந்தது. முடிவு என்ற தலைப்பின் கீழே இவ்வளவுதான் இருந்தது:

நடக்க முடிந்த, மொழி மட்டும் தெரியாத பயணிக்குச் சக்கர நாற்காலி கேட்க வேண்டாம், கூட நடந்து வரும் ஆளைக் கேட்கவும். மாறும் நிலையத்தில் பணியாளர்களின் ஷிப்ட் எப்போது மாறுகிறது என்று முதலில் விசாரிக்கவும். இறங்கும் விமானமும் ஏறும் விமானமும் ஒரே ஷிப்டுக்குள் வருமாறு தேர்ந்தெடுக்கவும். அப்போது முகம் பார்த்து அழைத்துக்கொண்ட அதே ஆள், வாயில்வரை கொண்டுபோய் விடுவார்.