அத்தைக்கு முளைத்த மீசை

அச்சுப்படம் என்றாலே காலண்டர் என்று நினைப்பவர்கள் வரிசையில் வந்து நில்லுங்கள், ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. அதையும் செம்புத் தகட்டில் முகம் வரைந்து, கோடுகளை அமிலத்தில் அரிக்கவிட்டு, மை பூசி அச்செடுக்கும் படிப்பில் வாங்கித் தொலைத்தேன்.

"இதுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கலாம்" என்றார் அப்பா.

அந்தக் கலைக்கென்றே ஒரு கேலரியில் இப்போது கண்காட்சி. நான் வரைந்த அத்தையின் முகம் தேர்வாகிவிட்டது. ஒரே நிபந்தனை: பிரதிகள் எடுத்து முடித்ததும் தகட்டை ஆழமாகக் கீறிக் கெடுக்க வேண்டும், இனி யாரும் அச்செடுக்காதபடி. கீறிய பிறகு ஒரு பிரதி எடுத்துச் சாட்சியாகக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் சுவரில் இடமில்லை.

விஷயம் தெரிந்து, அப்பாவின் அக்கா பட்டறைக்கே வந்துவிட்டாள்.

"என் மூஞ்சியில கோடு போடுவியாடி? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

கூடவே வந்திருந்த அம்மா, என் கையிலிருந்த கீறல் ஊசிக்குக் கை நீட்டினாள். "குடு, நான் போடறேன். கல்யாணமான நாள்லேருந்து காத்திருக்கேன்."

"பாத்தியா இவள!"

"அத்தை, கீறலைன்னா படம் மாட்ட மாட்டாங்க. எனக்கு இதான் முதல் வாய்ப்பு."

"எவன் சொன்னான்?"

"கேலரிக்காரர்."

"அவன் மூஞ்சியக் கீறச் சொல்லு."

எனக்கும் அதே ஆசைதான். கடுப்பில் ஊசியை அவள் கையிலேயே திணித்தேன். "உன் மூஞ்சி. நீயே என்ன வேணா பண்ணிக்க. ஆழமா இருந்தா போதும்."

அத்தை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தகட்டை முறைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு மூக்குக்குக் கீழே இந்தப் பக்கம் ஓர் இழுப்பு, அந்தப் பக்கம் ஓர் இழுப்பு. நுனியில் முறுக்கு வேறு.

"உங்கப்பனுக்கு வராதது எனக்கு வந்துடுச்சு பாரு!"

மை பூசி, தாள் வைத்து, அச்சு உருளைக்கு அடியில் விட்டு எடுத்தேன். கீறலின் ஓரத்தில் எழும்பிய செம்புப் பிசிறு மையைக் கவ்விக்கொண்டதில், மீசை வெல்வெட் மாதிரி கருகருவென்று விழுந்திருந்தது. அமிலத்தோடு மாரடித்து நான் போட்ட கோடு ஒன்றுகூட அதன் பக்கத்தில் நிற்காது. வயிறு எரிந்தது. சிரிப்பும் வந்தது.

கேலரிக்காரர் சாட்சிப் பிரதியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். "கீறத்தானம்மா சொன்னேன்?"

"இனி மீசை இல்லாம ஒரு பிரதி எடுத்துக் காட்டுங்க பாப்போம்."

அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டு படத்தையும் சேர்த்தே மாட்டினார்.

திறப்பு நாளில் கூட்டமெல்லாம் மீசைக்கு முன்னால்தான். ஒருவர் விலை கேட்டார்.

"அது விக்கிறதுக்கில்ல" என்று அத்தை முந்திக்கொண்டாள். "என் தம்பி வீட்டுக் கூடத்துல மாட்டப்போறேன்."

பக்கத்தில் நின்ற அப்பா, மேலுதட்டை மெல்லக் கையால் மூடிக்கொண்டார்.