வராத இன்சூரன்ஸ்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வெண்மதி நடத்தும் பிரவுசிங் சென்டருக்குள் தொண்டூர் விவசாயி சுந்தரமூர்த்தி சிரித்த முகமாக நுழைந்தார். பயிர் இன்சூரன்ஸ் பணம் வந்திருப்பதாக அவருக்கு ஒரு மெயில் வந்திருந்தது.

“லிங்க்கத் தொட்டு பேங்க் விவரத்த அடிச்சுக் குடும்மா. இன்னிக்குள்ள செய்யணுமாம்.”

போனை வாங்கிய வெண்மதிக்கு அந்த அவசரமே உறுத்தியது. அனுப்பியவரின் மெயில் முகவரியை விரித்துப் பார்த்தாள். ஏதோ அரசு அலுவலகத்தின் முகவரி போலத்தான் இருந்தது. ஆனால் இன்சூரன்ஸ் என்ற சொல்லில் ஓர் எழுத்தைக் காணோம்.

“பெரியப்பா, இந்த வருசம் இன்சூரன்ஸ் கட்னீங்களா?”

“இல்லியே.”

“அப்பறம் பணம் எப்டி வரும்?”

வெண்மதியை வேறொரு கேள்வி குடைந்தது. மெயிலில் சுந்தரமூர்த்தியின் ஊரும் பயிரும் சரியாக இருந்தன; அனுப்பியவர்களுக்கு அவை எப்படித் தெரிந்தன? துருவிக் கேட்டதில், போன வாரம் யாரோ கணக்கெடுப்பு என்று சொல்லி அவருக்குப் போன் செய்தது தெரியவந்தது.

அந்த நம்பரையும் மெயிலையும் சேர்த்து, சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் பதியத் தொடங்கினாள்.

“நாமதான் ஏமாறலியே, புகார் எதுக்கு?”

“இதே மெயிலு இன்னும் எத்தினி பேருக்குப் போயிருக்குதோ!”

அவருக்குச் சட்டென்று பக்கத்து நிலத்துக்காரன் எழிலரசன் நினைவு வந்தது. போன் போட்டார்.

“எனக்கும் வந்துச்சுண்ணே. இப்ப ஓடிபி கேக்குது, போட்டுடவா?”

“போடாத! அப்படியே வெச்சிட்டு பஸ் ஏறி வா!” என்று கத்தினார்.

மதியம் எழிலரசன் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தான். பணம் எதுவும் போகவில்லை. அவன் சார்பிலும் ஒரு புகார் பதிந்தார்கள்.